கோவில் திடலும் புல்லின் உயரமும்

என் தம்பியின் மாடுகளை விற்றுவிட வேண்டும் என்று கோவில் கமிட்டி தீர்மானம் போட்டபோது அதில் ஒரு நிபந்தனையும் இருந்தது. மாடுகள் இன்னும் ஒரு தடவை வேலி தாண்டினால்தான் விற்க வேண்டும். தாண்டாவிட்டால் இருக்கலாம். வாழ்நாளில் பாதிக்கு மேல் நில அலுவலகத்தில் கழித்தவள் நான். இந்த மாதிரித் தீர்மானங்களின் குணம் எனக்குத் தெரியும். முடிவெடுக்கத் தைரியம் இல்லாதவர்கள் அந்தப் பொறுப்பை மாட்டின் தலையில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

மலாக்கா மாநிலத்தில், அலோர் காஜாவிலிருந்து கோலா சுங்கை பாரு போகும் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் அந்தக் கோவில். முன்பு ரப்பர் தோட்டம், இப்போது செம்பனை. தொழிலாளர் லயங்களை இடித்தாகிவிட்டது. ஜனங்கள் டவுனில் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டார்கள். கோவிலும் அதை ஒட்டி ஒரு காலத்தில் பந்து விளையாடிய திடலும் மட்டும் மிச்சம். திடலைச் சுற்றி முள்கம்பி இழுத்து, மூலையில் தகரக் கொட்டகை போட்டு, என் தம்பி அங்கே நாட்டு மாடுகள் வளர்க்கிறான். அவன் மனைவி தவறிவிட்டாள். பிள்ளைகள் சிங்கப்பூரில். ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னான்: "வீட்ல டிவிதான்க்கா பேசுது. மாடாச்சும் நான் வந்தா திரும்பிப் பாக்குது." அதற்கு மேல் அவன் மாடுகளைப் பற்றி உருக்கமாக எதுவும் பேசியதில்லை. பேசத் தேவையும் இல்லை.

கமிட்டிக்கு மாடுகள் வருடத்தில் ஒரு நாள் தெய்வம். ஆடித் திருவிழா அன்று காலையில் கோபூஜைக்கு ஒரு மாடு வேண்டும், அபிஷேகத்துக்குக் கறந்த பால் வேண்டும். அன்று மஞ்சள் பூசி, மாலை போட்டு, அதன் பின்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். மறுநாளிலிருந்து அதே பின்பக்கம் சாணி போடுகிறது என்று புகார் வரும்.

ஆனால் இந்த முறை புகார் நியாயமானதுதான். திடலுக்கு அடுத்த நிலம் ஒரு மலாய்க்காரப் பெரியவருடையது. எல்லோரும் அவரைப் பாக்சிக், அதாவது மாமா, என்றுதான் கூப்பிடுவோம். அரை ஏக்கரில் இனிப்புச் சோளம் போட்டிருந்தார். மாடுகள் ஒரு தடவை போய் மேய்ந்தன. தம்பி மன்னிப்புக் கேட்டு வேலியைச் சரி செய்தான். இரண்டாவது தடவை போனபோது சோளத்தில் ஒரு பாத்தியே மிதிபட்டுப் போனது. பாக்சிக் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் கோவில் தலைவரும் பதிலுக்குச் சத்தம் போட்டு விஷயத்தை முடித்திருப்பார். பாக்சிக்கோ முறிந்த சோளத் தட்டை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு கோவில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். இன்னொரு தடவை வந்தால் நகராண்மைக் கழகத்துக்குப் போன் செய்வதைத் தவிரத் தனக்கு வேறு வழியில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அந்தப் பணிவுதான் கமிட்டியைக் கலக்கிவிட்டது.

கமிட்டியில் மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, எழுதுகிறவள் நான். நகராண்மைக் கழகம் வந்தால் என்ன நடக்கும் என்று கூட்டத்தில் விளக்கியதும் நான்தான். லோரி வரும். மாடுகளை ஏற்றிக்கொண்டு போய்ப் பட்டியில் அடைப்பார்கள். தலைக்கு இவ்வளவு என்று அபராதம், தீனிச் செலவு தனி. குறித்த நாளுக்குள் மீட்காவிட்டால் ஏலம். அவர்கள் கேட்டதற்கு மேல் விளக்கிவிட்டேன் போலிருக்கிறது. தலைவரின் முகம் வெளுத்தது. அவர் டவுனில் லோரிக் கம்பெனி வைத்திருக்கிறார். அபராதம் என்ற சொல்லை அன்றாடம் கேட்கிறவர்.

"மேடம், லோரி கோவில் வாசல்ல வந்து நின்னா யாரு பேரு கெடும்? எம் பேருதான்."

"உங்க கம்பெனி லோரியையே அனுப்புங்க தலைவரே. பார்க்கிறவங்க கோவில் சாமான் ஏத்துறாங்கன்னு நெனச்சுக்குவாங்க."

"கிண்டல் பண்ணாதீங்க லா மேடம். உங்க தம்பி எனக்கு எதிரியா? சின்ன வயசுல ஒண்ணா பந்து வெளாண்டவங்க. ஆனா திருவிழா வருது. ஜனம் வரும். அன்னிக்கு மாடு அவுத்துக்கிட்டு ஓடுச்சுன்னா?"

தம்பி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்து அவன் மோட்டார் சைக்கிளை மிதிக்கப் போகும்போதுதான் கேட்டான்.

"அக்கா, அப்பீல் ஏதாச்சும் போடலாமா?"

எங்கள் குடும்பத்தில் அக்காவிடம் எல்லாவற்றுக்கும் ஒரு அப்பீல் இருக்கிறது என்று நம்பிக்கை. காய்ச்சலுக்குக்கூட.

"மாட்டுக்கு அப்பீல் கெடையாதுடா. மொதல்ல லாவாத்தான் தாபாக்."

நில அலுவலகத்தில் இடத்தை நேரில் பார்க்கும் இதுதான் முதல் விதி. எந்த நிலத்தைப் பற்றியும் முடிவு செய்யுமுன் யாராவது நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். நடைமுறையில் அந்தப் பார்வை பெரும்பாலும் நிலத்துக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையோடு முடிந்துவிடும். ஆனாலும் விதி நல்ல விதி. தம்பியின் மாடுகள் ஏன் வேலி தாண்டுகின்றன என்று கமிட்டியில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கெட்ட பழக்கம், கம்பி பழசு, சோள ருசி, கண் திருஷ்டி. ஒருவர்கூட ஒரு காலைப் பொழுது உட்கார்ந்து மாட்டைப் பார்த்ததில்லை.

நான் மடக்கு நாற்காலி, குடை, பிளாஸ்கில் கோப்பி சகிதம் போய்த் திடலோரம் வாகை மரத்தடியில் உட்கார்ந்தேன். பணி ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கா பஞ்சம்.

முதலில் கண்ணில் பட்டது திடலின் அழகு. சலூனில் சீவிவிட்ட தலை மாதிரி இருந்தது. புல் எங்கும் ஒரே மட்டம். செருப்புக் காலோடு நடந்தால் புல் விரலைத் தொடாது. இந்த அழகை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். கோவில் வாட்சாப் குழுவில் தம்பி அடிக்கடி திடலின் படம் போடுவான். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள், கும்பிட்ட கைகள். தலைவர் ஒரு தடவை, "நம் கோவில் திடல், நம் பெருமை" என்று எழுதியிருந்தார்.

அந்தப் பெருமையின் மேல் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது என்பது பள்ளியில் படித்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். குதிரை மாதிரி மாட்டால் புல்லைக் கொறிக்க முடியாது. நாக்கை நீட்டி, புல்லை ஒரு சுற்றுச் சுற்றி, வாய்க்குள் இழுத்துத் தலையை ஒரு வெட்டு வெட்டி அறுக்கும். நாக்கு சுற்றுவதற்குப் புல் இருக்க வேண்டும். இங்கே சுற்றுவதற்கு எதுவும் இல்லை. உதட்டை மண்ணில் தேய்த்துத் தேய்த்து, கிள்ளிக் கிள்ளி எடுத்தன. ஒவ்வொரு வாய்க்கும் கிடைத்தது ஒரு சிட்டிகை. அதனால் ஓயாமல் வாயசைத்தன, ஓயாமல் நடந்தன. கூட்டத்துக்குத் தலைவியாக ஒரு பெரிய வெள்ளைப் பசு உண்டு. தம்பி அவளைப் பெரியவ என்பான். அவள் திடலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும், அங்கிருந்து இங்கேயும் குனிந்த தலை நிமிராமல் போய்வந்துகொண்டிருந்தாள். சாணி விழுந்த இடங்களைச் சுற்றி மட்டும் புல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. அதை எந்த மாடும் தொடவில்லை. அவற்றுக்கும் மானம் இருக்கிறது.

வெயில் ஏறியது. வயிறு நிறைந்த மாடு அந்த நேரத்துக்கு நிழலில் படுத்து அசைபோட வேண்டும். ஒன்றும் படுக்கவில்லை. பெரியவ வேலியோரம் போய் நின்றாள். நானும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் பார்த்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். சோளம் அங்கிருந்து தூரம். வேலிக்கு அந்தப் பக்கம், பாக்சிக்கின் நிலத்து ஓரமாக, ஒரு பட்டை அளவுக்குப் புல் வளர்ந்திருந்தது. பாதிக் கெண்டைக்கால் உயரம், இளம் பச்சை, எல்லாம் இலை. பெரியவ கம்பிக்குக் கீழே தலையை நுழைத்து நாக்கை நீட்டிச் சுற்றி இழுத்தாள். சர்ரென்று ஒரு சத்தம். சேலைக் கடையில் துணி கிழிக்கிற மாதிரி. காலையிலிருந்து அந்தத் திடலில் நான் கேட்காத சத்தம் அது.

தம்பி கொட்டகையிலிருந்து வந்தான்.

"என்னக்கா, ரிப்போர்ட் ரெடியா?"

"டேய், இந்தத் திடல்ல யாரு புல்லு வெட்டுறா?"

"நான்தான். வேற யாரு? எப்படி, கோல்ஃப் கோர்ஸ் மாதிரி இல்ல?"

"கோல்ஃப் கோர்ஸ்ல மாடு மேயுமா?"

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான்.

"உம் மாட்டுக்குப் பசி."

"பசியா? நாள் பூரா குனிஞ்ச தல நிமிராம மேயுதுக்கா. போதாதா?"

"நாள் பூரா மேயுறதுனாலதான் சொல்றேன். நெறஞ்ச மாடு படுக்கும். பகல்ல உம் மாடு படுத்து நீ கடைசியா எப்பப் பாத்த?"

மாடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

என் தம்பியின் தொழில் தெரிந்தால்தான் இந்தக் கூத்து புரியும். அவன் வாழ்நாள் முழுக்கப் புல் வெட்டியவன். குத்தகைக்காரர் ஒருவரிடம் சேர்ந்து, தோளில் மெஷின், முகத்தில் வலை, ஆரஞ்சுச் சட்டை என்று அலோர் காஜா சாலையோரங்களை மொட்டையடித்தவன். ஓய்வு பெற்றபோது பழைய மெஷினை அவனுக்கே கொடுத்துவிட்டார்கள். புல் ஒரு விரல் உயர்ந்தால் அவனுக்குக் கை அரிக்கும். இது அவனுக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. தோட்டத்தில் பிறந்த எங்களில் யாருக்கும் உயர்ந்த புல் ஆகாது. சிறுவயதில் லயத்தைச் சோதிக்க மேனேஜர் வருவார், பின்னால் கணக்கெழுதும் கிராணி வருவார். வாசலில் புல் தெரிந்தால் அந்த வீட்டுக்காரர் சோம்பேறி. அம்மா மண்வெட்டியால் வாசலைச் செதுக்கிச் செதுக்கி மண் தரையைப் பளிச்சென்று ஆக்கி வைப்பாள். மேனேஜர் போய், தோட்டமும் போய்விட்டது. அந்தச் சோதனை மட்டும் எங்கள் தலைக்குள் நடந்துகொண்டே இருக்கிறது. இன்றைக்கும் எங்கள் ஆள் ஒருவர் தாமானில் வீடு வாங்கினால் முதல் வேலையாக முன்னால் நாலடி இடத்தில் இருக்கும் புல்லுக்குச் சிமெண்ட் போடுகிறார்.

ஆகவே ஒரு புல்வெட்டுக்காரன் மாடு வளர்த்து, மாட்டின் சோற்றையே மூன்று நாளைக்கு ஒரு தடவை வெட்டிப் படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். ஊரே கட்டைவிரல் காட்டிக்கொண்டிருந்தது.

"வெட்டாம விட்டா புதர் மண்டிரும்க்கா. பாம்பு வரும். கமிட்டி என்னா சொல்லும்?"

"மாட்ட விக்கச் சொல்லியாச்சு. அதுக்கு மேல என்னா சொல்லுவாங்க? உன்ன விக்கச் சொல்லுவாங்களா?"

மாடுகளைக் கொட்டகையில் கட்டிப் போட்டான். திடல் வளரும் வரை வெளியிலிருந்து புல் கொண்டுவந்து போடுவது என்று ஏற்பாடு. களை மருந்து அடிக்காத சாலையோரங்கள் எவை என்று அவனுக்குத்தான் தெரியும். மெஷினுக்கும் வேலை கிடைத்தது, அவன் கை அரிப்பும் அடங்கியது. நான் மலாக்கா நகரத்துக்குக் கண் அறுவைச் சிகிச்சைக்குப் போய், மகள் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பினேன். அதற்குள் நல்ல மழை.

திரும்பி வந்து பார்த்தால் திடல் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. புல் பூத்திருந்தது. தம்பி கோட்டை கட்டியவன் மாதிரி அதன் முன்னால் நின்றான்.

"வெட்டாதன்னு சொன்னீங்க. தொடவே இல்ல. இன்னிக்கு அவுத்து விட்டேன். இனிமே எதுக்கு வெளிய போகப் போவுது? வயிறு முட்டத் தின்னட்டும்."

என் தம்பிக்கு உலகத்தில் இரண்டே உயரங்கள். தரை, அல்லது வானம்.

கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன். மாடுகள் இப்போது நடக்கவில்லை, உண்மைதான். கழுத்து வரை புல்லில் நின்றன. ஆனால் தின்பதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தன. நுனி இலையை ஒதுக்கி எடுக்கும். அடுத்த வாய் தண்டு. தண்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் மெல்லும், தலையைத் தூக்கி நம்மைப் பார்க்கும். ஆடி மாசத் தள்ளுபடியில் ரவிக்கைத் துணி பொறுக்குகிற பெண்கள் முகத்தில் பார்த்திருக்கிறேன் அந்தச் சலிப்பை. மேலே பொறுக்கிவிட்டுக் கீழே உள்ளதை மிதித்துச் சாய்த்தன. சாய்ந்த புல்லை எந்த மாடும் தின்னாது. அத்தனை புல் நடுவில் வயிறு நிறையவில்லை.

அப்போது வேலிப் பக்கமிருந்து ஒரு கூச்சல். தம்பி ஓடினான், நான் முடிந்த வேகத்தில் நடந்தேன். பெரியவ மறுபடி பழைய இடத்தில். கம்பி வில்லாக வளைந்திருந்தது, கம்பம் சாய்ந்திருந்தது, தலையும் கழுத்தும் அந்தப் பக்கம். எதிரே பாக்சிக், ஒரு கையால் அவள் கொம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் பிளாஸ்டிக் வாளியை அவள் நெற்றியில் முட்டுக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். அவள் அவரைக் கண்டுகொள்ளாமல் அவருடைய காலடிப் புல்லைச் சர்ரென்று அறுத்தாள்.

தம்பி அவளை இழுத்துக் கட்டினான். மூன்றாவது தடவை. தீர்மானம் தெளிவாக இருந்தது.

பாக்சிக் வாளியைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். வேலியைப் பார்த்தார், தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"கெப்பாலா சஹாஜா," என்றார். தலை மட்டும்தான்.

நான் அந்தச் சொல்லை உடனே பிடித்துக்கொண்டேன். எல்லை தாண்டுவது என்றால் கால் தாண்ட வேண்டும், தலை கணக்கில் வராது, எங்கள் அலுவலகத்தில் மரக்கிளைக்குக்கூட அப்படித்தான் என்று மலாயில் அடுக்கினேன். மரக்கிளை விஷயத்தில் சட்டம் அப்படி இல்லை. ஆனால் பாக்சிக் ஓய்வு பெற்ற போலீஸ்காரர். சட்டம் எங்கே வளையலாம் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தலையை ஆட்டிச் சிரித்தார். அடுத்த தடவை காலாக இருந்தால் தானும் கமிட்டி பக்கம்தான் என்றும் சொல்லிவைத்தார்.

அந்தப் பட்டைப் புல்லை அவர் ஆடுகளுக்காக அரிவாளால் அறுத்துக்கொள்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. அறுப்பார், விடுவார், துளிர்த்துக் கெண்டைக்கால் வரை வந்ததும் மறுபடி அறுப்பார். அதனால் அது எப்போதும் இளசு. எங்கள் பெரியவ சோளம் திருடப் போகவே இல்லை. நாக்குக்குத் தோதான உயரத்தைத் தேடிப் போனாள். போன இடத்தில் சோளமும் இருந்தது, அவ்வளவுதான். இந்த வேறுபாட்டை ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளாது. ஆனால் எங்களுக்கு அது போதும்.

அன்று மாலை தம்பியின் ரப்பர் பூட்ஸைக் கழற்றச் சொன்னேன். வீட்டில் கதவுக்கு அடித்து மீந்த சிவப்புச் சாயம் இருந்தது. கெண்டைக்கால் பாதியில் சுற்றிலும் ஒரு கோடு போட்டேன். கணுக்காலுக்குச் சற்று மேலே இன்னொரு கோடு.

"புல்லு மேல் கோட்டத் தொட்டா மாட்ட உள்ள விடு. கீழ் கோட்டுக்கு வந்துருச்சுன்னா வெளிய எடு. நீ ஒண்ணும் யோசிக்க வேணாம். பூட்ஸ் யோசிக்கும்."

"கீழ் கோட்டுக்கு வந்தப்புறம் எங்க கொண்டு போறது?"

"திடல ரெண்டாப் பிரி. ஒரு பக்கம் மேயட்டும். ஒரு பக்கம் வளரட்டும்."

"பூட்ஸப் பாத்து எல்லாரும் சிரிப்பாங்கக்கா."

"சிரிக்கட்டும் லா. மாடு சிரிக்காது."

நடுவில் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தான். இடுப்பளவு புல்லை வெட்டும் அனுமதி கிடைத்தபோது அவன் முகத்தில் தீபாவளி. ஆனால் தரையோடு வெட்டக் கூடாது, கீழ் கோட்டுக்கு மேலேயே நிற்க வேண்டும் என்றேன். அந்த உயரத்தில் மெஷினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீசுவது லேசில்லை. இடுப்பு வலிக்கிறது என்று முனகிக்கொண்டே வெட்டினான். முதலில் ஒரு பாதி. அது துளிர்த்து ஏறிய பிறகு மறு பாதி. இரண்டும் ஒரே நேரத்தில் வளர்ந்துவிடக் கூடாதே.

முதல் பாதி மேல் கோட்டைத் தொட்டதும் மாடுகளை விட்டான். நான் நாற்காலியைக்கூட விரிக்கவில்லை. கொட்டகைப் பக்கம் நின்றபடியே கேட்டேன். சர், சர், சர் என்று திடல் முழுக்க அந்தச் சத்தம். ஒரு வாய், இன்னொரு வாய், பிறகு ஓர் அடி. பதற்றமே இல்லை. வெயில் ஏறுமுன் பெரியவ தலையைத் தூக்கினாள். வாகை நிழலுக்குப் போனாள். முன்னங்காலை மடக்கினாள், பின் பாரத்தை இறக்கினாள், பெருமூச்சு விட்டாள். ஒவ்வொன்றாக மற்றவையும் படுத்தன. தாடைகள் மட்டும் அசைந்தன. தம்பி வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா," என்றான் மெதுவாக, எழுப்பிவிடக் கூடாது என்பது போல. "படுத்திருச்சுங்க."

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஆட்கள் திருவிழாவுக்கு முன் கோத்தோங் ரோயோங் என்று ஒன்று வைப்பார்கள். கூட்டாகச் சேர்ந்து கோவிலைச் சுத்தம் செய்வது. ஞாயிற்றுக்கிழமை காலை நான் போய்ச் சேரும்போது ஏழெட்டுப் பேர் தோளில் மெஷின்களோடு திடல் வாசலில் நிற்கிறார்கள். எதிரே என் தம்பி, சிவப்புக் கோடு போட்ட பூட்ஸோடு, தன் வாழ்நாளில் முதல் தடவையாகப் புல்லுக்கும் மெஷினுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

தலைவர் என்னைக் கண்டதும் கையை விரித்தார்.

"மேடம், என்னா இது? காடு மாதிரி வுட்டு வச்சிருக்கான். இவன்தான் நம்ம நம்பர் ஒன் புல்லு வெட்டுறவன். கேட்டா வெட்டாதீங்கங்குறான். பைத்தியம் புடிச்சிருச்சா?"

"வெட்டுனா மாடு வெளிய போயிரும் தலைவரே," என்றான் தம்பி.

"புல்ல வெட்டுனா மாடு ஏன்யா வெளிய போவுது? புல்லுக்கும் வேலிக்கும் என்னா சம்பந்தம்?"

நாக்கு, முன்பல், தண்டு, இலை என்று விளக்கலாம். ஆனால் கையில் மெஷின் வைத்திருப்பவர்களிடம் இயற்கையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. விதியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

"தலைவரே, போன கூட்டத்துத் தீர்மானம் என்னா?"

"மாடு இன்னொரு தடவ தாண்டுனா விக்கணும்."

"புல்லு வெட்டணும்னு தீர்மானம் இருக்கா?"

"அதுக்கெல்லாம் எதுக்கு மேடம் தீர்மானம்? கோத்தோங் ரோயோங்தானே."

"அப்ப இன்னிக்கு நீங்க வெட்டுறீங்க. திருவிழாவன்னிக்கு, ஜனம் நிக்கிறப்ப, மாடு பசியில வேலியச் சாச்சுக்கிட்டு வருது. நகராண்மைக் கழகத்துல கேக்குறாங்க, யாரு காரணம்னு. மாட்டுக்காரன் வெட்டாதீங்கன்னு சொன்னான், தலைவர் வெட்டச் சொன்னாருன்னு மினிட்ஸ்ல போகும். எழுதப் போறது நான்தான். எனக்குப் பொய் எழுத வராது."

கடைசி வாக்கியம் மிகை. ஆனால் வேலை செய்தது. ஒருவர் மெஷினை அணைத்தார். அடுத்தவரும் அணைத்தார். தலைவர் நெற்றியைத் தேய்த்தார்.

"ரோட்லேர்ந்து பாத்தா அசிங்கமா இருக்கே மேடம்."

ஆக, பிரச்சினை புல் அல்ல. இன்னும் மேனேஜர் வருவார் என்ற பயம்தான். அதற்கு மருந்து சுலபம்.

"ரோட்லேர்ந்து தெரியிற ஓரத்த மட்டும் வெட்டிக்கிங்க. வேலிக்கு இந்தப் பக்கம்."

"நான் வெட்டுறேன்," என்று தம்பி முந்திக்கொண்டான்.

கோவில் பாதையை ஒட்டி ஒரு பட்டை. கம்பி இழுத்து வைத்த மாதிரி நேர்க்கோடு, ஓரம் சீவி, ஒரு இலை விலகாமல் வெட்டினான். மற்றவர்கள் தங்கள் மெஷினை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பின்னால் கெண்டைக்கால் உயரப் புல் காற்றில் ஆடியது. முன்னால் சீவிய பட்டை. இப்போது அது காடு மாதிரித் தெரியவில்லை, யாரோ வேண்டுமென்று வளர்த்த மாதிரி தெரிந்தது.

திருவிழா அன்று உறுமி மேளம், மைக், பால்குடம், சாலை வரை கார்கள். கோபூஜைக்குப் பெரியவ போய் மாலையோடும் மஞ்சளோடும் திரும்பி வந்தாள். அன்றைக்குப் பாலும் தாராளமாக இருந்தது. தம்பிக்கு அன்னதானத்தில் கை ஓடவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு வேலிப் பக்கம் போய்வந்தான். உறுமி உச்சத்துக்கு ஏறியபோது நானும் கரண்டியை வைத்துவிட்டேன். இருவரும் போய்ப் பார்த்தோம். புதிய பாதியில் மாடுகள் மேய்ந்து முடித்திருந்தன. வாகை நிழலில் எல்லாம் படுத்திருந்தன. பெரியவ கழுத்து மாலையில் எட்டிய வரை தின்றுவிட்டு, மேளத்தைக் காதை ஆட்டி விரட்டிக்கொண்டு அசைபோட்டாள்.

அன்னதானத்துக்கு வந்த பாக்சிக் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு எங்களருகே நின்றார். அந்தப் பக்கம் அவருடைய சோளம் கதிர் விட்டு நின்றது.

"லெம்பு தீடோர்?" என்று கேட்டார். மாடு தூங்குகிறதா?

பின்னாலேயே தலைவர் வியர்வை வழிய வந்தார். பயந்துதான் வந்திருப்பார்.

"என்னா, எல்லாம் படுத்துக் கெடக்கு? சீக்கா?"

"இல்ல தலைவரே," என்றான் தம்பி. "சாப்ட்டு முடிச்சிருச்சுங்க."

தலைவர் மாடுகளைப் பார்த்தார், சோளத்தைப் பார்த்தார், பாக்சிக்கைப் பார்த்தார். பாக்சிக் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி நன்றி சொன்னார். தலைவர் போனை எடுத்தார். புல், நிழல், மாலையோடு பசு, பின்னால் கோபுரம். அன்று மாலை வாட்சாப் குழுவில் படம் வந்தது: "நம் கோவில் கோசாலை, நம் பெருமை." எண்ண முடியாத கட்டைவிரல்கள்.

அடுத்த கூட்டத்தில் மாடு விற்பது பற்றிய பழைய தீர்மானத்தைத் தலைவரே வாபஸ் வாங்கினார். தம்முடைய ஆலோசனையின் பேரில் திடலில் புல் முறைப்படி வளர்க்கப்படுவதாகவும் பதிவு செய்யச் சொன்னார். அப்படியே எழுதினேன். மாடுகள் இருக்கும்வரை புல் யார் யோசனையாக இருந்தால் எனக்கென்ன? தம்பி அன்றைக்கும் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு கஷ்டம் மிச்சம். வளரும் பாதியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவனால் முடியவில்லை. அதனால் வாரத்துக்கு ஒரு தடவை மெஷினைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுகிறான். வீட்டு முன்னால் இருக்கும் நாலடிப் புல்லை மண் தெரிய வெட்டித் தள்ளுகிறான். வெட்டி முடித்துவிட்டுத் தள்ளி நின்று, கோல்ஃப் கோர்ஸ் மாதிரி இல்ல என்று கேட்கிறான். ஆமாம் என்கிறேன். என் வீட்டில் பசித்த மாடு எதுவும் இல்லை.